அப்பாவின் கடை மூடியதால் எனக்கு வியாபாரம் வராதா?

பெங்களூரிலிருந்து 25 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

குடும்பம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. தாத்தா, அப்பா இருவரும் சுரங்கத் தொழிலாளர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபோது இவர் கைக்குழந்தை. கிடைத்த செட்டில்மென்ட் பணத்தில் அப்பா ஒரு மளிகைக் கடை போட்டார், மூன்று வருஷத்தில் கடன் நோட்டு மட்டும் மிஞ்சியது, கடையைச் சாத்திவிட்டு மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்கு வந்தார். இப்போது குடும்பம் கே.ஆர். புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறது. பி.காம். முடித்த இவர் ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இரண்டு வருஷ பாண்டில் இன்னும் ஏழு மாதம் பாக்கி, முன்னதாக விட்டால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். டீம் லீடர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கமே வருவதில்லை.

கல்லூரித் தோழி ஒருத்தியுடன் சேர்ந்து கிளவுட் கிச்சன், அதாவது உட்கார்ந்து சாப்பிட இடமில்லாமல் ஆர்டருக்கு மட்டும் சமைத்து அனுப்பும் சமையலறை, ஆரம்பிக்க ஆசை. ஆறு லட்சம் தேவை. இவருடைய சேமிப்பு ஒன்றரை லட்சம், தோழி ஒன்றரை லட்சம், மீதி மூன்று லட்சத்துக்கு அம்மாவின் ஏழு பவுனை அடகு வைப்பதாகத் திட்டம். லாபத்தில் ஆளுக்குப் பாதி, "நமக்குள்ள எதுக்குடி எழுத்து" என்கிறாள் தோழி. அம்மாவோ, "நம்ம வம்சத்துக்கே வியாபாரம் ஒத்து வராது, கல்யாணத்துக்கு அப்புறம் எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்கிறார். அப்பா பேசுவதே இல்லை. கேள்விகள் நான்கு: இது ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒன்றா? 25 ஆகிவிட்டது, லேட்டா? வேலையை விடத் தயங்குவது கோழைத்தனமா? 85,000 ரூபாய் கட்டி ஒரு தொழில்முனைவோர் பயிற்சியில் சேர்ந்தால் தெளிவு வருமா?

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொன்ன அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன், கடிதம் முழுக்க உங்களை அரித்துக்கொண்டிருப்பது அதுதான். அப்பாவின் கடை ஏன் மூடியது என்பதற்கான எல்லா விவரமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேல் ஓடிய சுரங்கம் நின்றது. தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, அத்தனை வீட்டுக்கும் அது ஒன்றாக நின்றது. அந்த ஊரில், அந்த வருஷத்தில், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பால் பவுடர் கடனுக்கு இல்லை என்று சொல்ல மனசு வராத ஒரு மனிதர் மளிகைக் கடை நடத்தினால் என்ன ஆகும்? ஏழு தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பமாக இருந்தாலும் அங்கே நோட்டு நிரம்பியிருக்கும், கல்லா நிரம்பியிருக்காது. வாடிக்கையாளர்களுக்கு வருமானமே இல்லாத இடத்தில் மூடிய கடையை வைத்து ஒரு வம்சத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. அப்பா பேசாமல் இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள், யோசனையாக இல்லாமல் வெறும் கதையாக, அந்தக் கடையில் என்ன நடந்தது என்று.

ரத்தத்தில் இருக்க வேண்டுமா?

சொந்தத் தொழில் செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அதே வழியில் போவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் பெரும்பங்கு வீட்டிலேயே பார்த்துப் பழகியது. பாக்கியை எப்படிக் கேட்பது, சரக்கு தேங்கினால் என்ன செய்வது, ஒரு மாசம் வியாபாரம் படுத்தால் பதறாமல் எப்படி இருப்பது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மற்றவர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம். அறுபதுகளின் நடுவில் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆந்திராவில் காக்கிநாடா ஊர்க்காரர்களை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்து, பெரிய காரியங்களை முயன்று பார்க்கும் மனப்பாங்குக்கு சில நாள் பயிற்சி கொடுத்தார். பிறகு அவர்களைப் பயிற்சி எடுக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, புதுத் தொழில் தொடங்குவதிலும் விரிவாக்குவதிலும் பயிற்சி எடுத்தவர்கள் முந்தியிருந்தார்கள். பிறவியிலேயே முடிவாகிற விஷயமாக இருந்தால் சில நாள் வகுப்பில் அது எப்படி நகரும்?

உங்கள் ஊரிலேயே ஓர் ஆள் இருக்கிறார். ஐடி ஃபிரெஷ் இட்லி மாவு பாக்கெட் உங்கள் தெருக் கடையிலும் இருக்கும். 2005-ல் அதைத் தன் உறவுக்காரச் சகோதரர்களோடு பெங்களூரில் தொடங்கிய பி.சி. முஸ்தபாவின் அப்பா வயநாட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் மாவு அரைத்துக் கடை கடையாகப் போட்டது சகோதரர்கள். முஸ்தபா முழுநேரமாக வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்த எண்ணம் எதிலிருந்து வருகிறது?

இளைஞர்களுக்குச் சொந்தத் தொழில் எண்ணம் எப்படி உருவாகிறது என்று ஆராய்பவர்கள் அதிகம் கையாளும் சட்டகம் ஐசெக் அய்சென் என்ற உளவியலாளர் 1991-ல் விரிவாக எழுதியது. தொழிலுக்காக என்று அவர் எழுதவில்லை, மனிதர்கள் எதையும் செய்ய எண்ணுவது எப்படி என்பதற்காக எழுதினார், தொழில்முனைவு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன்படி எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது: அந்தக் காரியம் எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது, எனக்கு வேண்டியவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள், என்னால் அதைச் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறேன்.

இந்த மூன்றையும் உங்கள் கடிதத்தில் தேடினேன். முதலாவது நிறைய இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். சமையலைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி. என்ன சமைப்பீர்கள், யார் சாப்பிடுவார்கள், அந்த ஏரியாவில் மதியம் எத்தனை பேர் வெளியே வாங்குகிறார்கள், எதுவும் இல்லை. டீம் லீடரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. எனக்கு இது கவலையாக இருக்கிறது. ஒன்றை நோக்கிப் போவது வேறு, ஒன்றிடமிருந்து தப்பிப்பது வேறு; தப்பிக்க வேண்டும் என்ற வேகத்தில் எந்தக் கதவு திறந்திருந்தாலும் அதுதான் நம் கனவு என்று தோன்றிவிடும். நாளைக்கே உங்களுக்கு மரியாதையாகப் பேசும் டீம் லீடர் வந்தால் கிச்சன் ஆசை எவ்வளவு மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கு நீங்களே நேர்மையாகச் சொல்லிக்கொண்டால் போதும்.

இரண்டாவதை, அதாவது வீட்டார் அபிப்பிராயத்தை, நீங்கள் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள். பல ஆய்வுகளில் இந்த மூன்றில் எடை குறைவாக வந்தது இதுதான். நம் வீடுகளில் அது அவ்வளவு குறைவு என்று நான் நினைக்கவில்லை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. ஆனாலும் அம்மாவின் "வேண்டாம்" என்பது கல்லில் எழுதியது கிடையாது. நீங்கள் ஒன்றைச் செய்து காட்டும்போது அது மாறும்.

மூன்றாவதுதான் முக்கியம், உங்களிடம் அது காலியாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில், ஏதோ பேச்சுவாக்கில், ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டையையே கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் வாங்கினார்களே, அந்தச் சமயத்தில் உங்கள் தெரு பேக்கரிக்காரர் நோட்டீஸோடு உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பிரித்தீர்கள்: வரியே இல்லாத பால் எவ்வளவு, கேக் பப்ஸ் எவ்வளவு, மச்சான் அனுப்பிய சீட்டுப் பணம் எவ்வளவு, அவர் சொந்தக் கணக்கிலிருந்தே மாற்றியது எவ்வளவு என்று. பதில் எழுத உதவினீர்கள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் வந்தார்கள், இன்றைக்கும் மாசாமாசம் மூன்று பேருக்கும் நீங்கள்தான் பில்லை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறீர்கள், "சும்மாதான் மேடம்" என்று முடித்துவிட்டீர்கள்.

தங்கச்சி, இது சும்மா இல்லை. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஆல்பர்ட் பந்தூரா, அடுத்தவரைப் பார்ப்பதையும் பிறர் சொல்லும் தைரியத்தையும்விட அதிக பலம் கொடுப்பது தானே செய்து முடித்த அனுபவம் என்று காட்டினார். இன்ஸ்டாகிராமில் வெற்றிக் கதைகள் பார்த்து வருவது ஆசை. மூன்று கடைக்காரர்கள் தங்கள் பயத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனது உங்கள் திறமைக்குக் கிடைத்த சாட்சி. நீங்கள் கணக்குச் சேவைதான் தொடங்க வேண்டும் என்று நான் முடிவு செய்து கொடுக்கவில்லை. கிச்சன்தான் என்று உறுதியாக இருந்தால் அதற்கும் இதே போன்ற அனுபவம் முதலில் வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் அப்பார்ட்மென்ட் பக்கம் முன்கூட்டியே ஆர்டர் வாங்கி இருபது சாப்பாடு செய்து காசுக்கு விற்றுப் பாருங்கள். எண்ணெய் செலவு, கேஸ், டப்பா, மிஞ்சிப்போன சாம்பார் எல்லாம் எழுதுங்கள். வெளியே விற்கும் சாப்பாடு என்பதால், வீட்டுச் சமையலாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

25 லேட்டா?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களை மட்டும் எடுத்து, தொடங்கியபோது நிறுவனர்களின் வயது என்ன என்று பார்த்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. சராசரி 45. அதே தொழில்துறையில் முன்னால் வேலை பார்த்த அனுபவம் இருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு அதிகமாக இருந்தது என்பதும் அதில் வந்தது. ஆக, பில், வவுச்சர், வரி என்று நீங்கள் செலவழிக்கும் இந்த வருஷங்கள் வீண் இல்லை.

வேலையை விடாவிட்டால் கோழையா?

இந்த எண்ணத்தை யார் பரப்பினார்களோ தெரியவில்லை, நிறைய இளைஞர்கள் என்னிடம் இதைத்தான் சொல்கிறார்கள், ராஜினாமாக் கடிதம்தான் தைரியத்துக்கு அத்தாட்சி என்று. 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது: வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் அபாயம், எடுத்த எடுப்பில் வேலையை விட்டுவிட்டு இறங்கியவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. முஸ்தபா முழுநேரமாக வந்தது எப்போது என்று மேலே சொன்னேன் அல்லவா.

ஆனால் இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய சட்ட விஷயங்கள் உண்டு. நான் வழக்கறிஞர் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன், அப்பாயின்ட்மென்ட் லெட்டரை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு வேலை கூடாது என்று நிறுவனம் நிபந்தனை போட்டால் அது பொதுவாகச் செல்லும், அதனால் கடைக்காரர்களிடம் காசு வாங்கும் முன் ஹெச்ஆரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். வேலையை விட்ட பிறகு "இந்தத் தொழிலே செய்யக் கூடாது" என்று தடுக்கும் நிபந்தனைகள் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. பாண்ட் தொகையைப் பொறுத்தவரை, எழுதியிருக்கிற ஒன்றரை லட்சத்தை அப்படியே கட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, "பாண்டெல்லாம் சும்மா பேப்பர், கண்டுக்காதே" என்று தோழி சொல்வதும் சரியில்லை. அதே சட்டத்தின் 74-ம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு எது என்றுதான் பார்ப்பார்கள். 2025-ல் ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு பாண்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏழே மாதம்தான் பாக்கி. அந்த ஏழு மாதத்தையும் சோதித்துப் பார்க்கும் காலமாக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிய கவலை. அப்பாவுக்கு நாள்பட்ட இருமல், ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸில்தான் மருத்துவம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்டதும் அந்தக் காப்பீடு போய்விடும். சுரங்கத்தில் வருஷக்கணக்கில் தூசி சுவாசித்தவருக்குப் புதிதாக பாலிசி எடுக்கப் போனால் ஏற்கெனவே உள்ள நோய் என்று காத்திருப்புக் காலம் போடுவார்கள். குழுக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா, பிரீமியம் எவ்வளவு என்று அதே காப்பீட்டு நிறுவனத்திடம் வேலையில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். இந்தப் பதில் கைக்கு வராமல் ராஜினாமாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தோழி, நகை, பாதிப் பாதி

ஆறு லட்சத்தில் நாலரை லட்சம் உங்கள் வீட்டுப் பணம். ஒன்றரை லட்சம் தோழியுடையது. லாபம் ஆளுக்குப் பாதி. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நீங்கள் இதைக் கவனிக்காமல் விட்டதற்குக் காரணம் பாசம் என்று புரிகிறது, ஆனால் பாசம் நிலைக்கத்தான் எழுத்து வேண்டும். 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சம பங்கு. அதைவிட முக்கியம், தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் முழுசாகப் பொறுப்பு. தோழி ஊரைவிட்டுப் போய்விட்டால் கடன்காரர் மொத்தத்தையும் உங்களிடம் கேட்கலாம். யார் எவ்வளவு போடுகிறார்கள், யார் எத்தனை மணி நேரம் உழைப்பார்கள், ஒருத்தி விலகினால் எப்படிப் பிரிப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் அவளோடு நட்பை வைத்துக்கொள்ளுங்கள், தொழில் வேண்டாம்.

அம்மாவின் நகை வேண்டாம். இதில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. சுரங்கம் மூடி, கடையும் போனபின் அந்த வீட்டில் மிஞ்சிய சேமிப்பு அந்த ஏழு பவுன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிறு முதலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிகள் கொடுக்கும் முத்ரா கடன் இருக்கிறது, அடமானம் கேட்க மாட்டார்கள், சிசு பிரிவில் 50,000 வரை, அடுத்த பிரிவில் 5 லட்சம் வரை. வங்கி மேனேஜர் உங்கள் திட்டத்தைக் கேள்வி மேல் கேள்வி கேட்பார், அது நல்லது, அம்மா அப்படிக் கேட்க மாட்டார். கணக்குச் சேவை என்றால் முதலே பெரிதாகத் தேவைப்படாது. பி.காம். படித்தவர்கள், மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ள விதி இருக்கிறது, அதற்குத் தேர்வும் உண்டு, உங்களுக்கு அது கடினமாக இருக்காது.

85,000 ரூபாய்ப் பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களை ஒரு வருஷம் சின்ன நிறுவனம் நடத்த வைத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், வகுப்பு முடிந்தபோது தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. அதைத் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, இந்த வேலை எப்படி இருக்கும் என்று சிலருக்குப் புரிந்தது, தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அந்தப் புரிதலை ஞாயிற்றுக்கிழமை இருபது சாப்பாடு கொடுக்கும், மிகக் குறைந்த செலவில். வழிகாட்டல் வேண்டும் என்றால் 1983 முதல் பெங்களூரில் பெண் தொழில்முனைவோருக்காக இயங்கும் அவேக் அமைப்பை முதலில் விசாரியுங்கள், அங்கே உங்களைப் போன்ற நிலையிலிருந்து ஆரம்பித்த பெண்களை நேரில் பார்க்கலாம்.

அம்மாவிடம் "வியாபாரம் செய்யப்போகிறேன்" என்று இனி வாதாட வேண்டாம். ஒரு தனி பேங்க் கணக்கு தொடங்கி, வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் அந்த நோட்டை அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். அப்பாவையும் கூப்பிடுங்கள். கடனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் அவருக்குத்தான் அதிகம் தெரியும், அவரிடம் யாரும் இதுவரை யோசனை கேட்டதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால், வருகிறவரிடம் இந்த வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஞாயிறு ராத்திரித் தூக்கமின்மையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அது தொழில் தொடங்கினால் தானாகச் சரியாகும் என்று இருந்துவிட வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் இலவச எண், தமிழிலும் பேசலாம். டீம் லீடர் எந்தத் தேதியில் என்ன பேசினார், யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்து ஹெச்ஆருக்கு மின்னஞ்சலில் புகார் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இந்த வாரம் இரண்டே வேலை: ஹெச்ஆருக்கு அனுமதி கேட்டு மெயில், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன். அனுமதி வந்தால் பேக்கரிக்காரரிடம் அடுத்த மாசத்திலிருந்து ஒரு தொகை பேசுங்கள். அவர் தயங்காமல் ஒத்துக்கொள்கிறாரா, பேரம் பேசுகிறாரா, இல்லை வேறு ஆளைத் தேடுகிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த கட்டத்தை அதை வைத்துப் பேசலாம்.